கையில் வந்த மீனை ஏன் விட்டோம்?

தூண்டிலில் பெரிய மீன் ஒன்று சிக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். புளி கரைத்து, மண் சட்டியில் குழம்பு வைப்பீர்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

சென்ற ஜூன் மாதம் எனக்கும் ஒரு பெரிய மீன் சிக்கியது. ஒன்றரை முழ நீளம்! நானும் என் நண்பரும் அதைக் கையில் எடுத்தோம். அளந்து பார்த்தோம். பிறகு தண்ணீரிலேயே விட்டுவிட்டோம்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கேட்கிறீர்களா? அன்று நானும் அப்படித்தான் கேட்டேன். ஏன் விட்டோம் என்பது தெரிந்த பிறகு, நம் ஊர் ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

காட்டின் நடுவே ஒரு விடுதி

என் நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். திருச்சியில் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தோம். ஹாஸ்டலில் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் அவர் கனடா போய்விட்டார். இப்போது டொராண்டோ நகரில் வேலை பார்க்கிறார்.

"லீவு கிடைச்சால் வா மச்சான். ஏரியிலை மீன் பிடிப்பம்" என்று வருஷா வருஷம் கூப்பிடுவார். இந்த முறைதான் போக முடிந்தது.

டொராண்டோ இருக்கும் மாகாணத்துக்கு ஒண்டாரியோ என்று பெயர். அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஏரிகள் இருக்கின்றன! நாங்கள் போக நினைத்த ஏரி, மாகாணத்தின் மேற்குக் கோடியில், கெனோரா என்ற ஊருக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிறது. காரில் இரண்டு நாள் பயணம். சென்னையில் புறப்பட்டு, கன்னியாகுமரி போய், திரும்பிச் சென்னை வந்து, மறுபடியும் பாதி வழி போனால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம். வழியெல்லாம் காடும் பாறையும் தண்ணீரும்தான்.

வழியில் டிரைடன் என்று ஓர் ஊர் வந்தது. காகிதக் கூழ் ஆலைக்குப் பேர் போன ஊர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

கெனோராவுக்கு அப்பால் எங்கள் விடுதிக்குச் சாலை கிடையாது. சிறிய விமானத்தில்தான் போகவேண்டும். அந்த விமானத்துக்குச் சக்கரம் இல்லை. சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள். ஏரித் தண்ணீரிலேயே ஓடி, மேலே எழும்பி, இன்னொரு ஏரித் தண்ணீரில் வாத்து போல இறங்குகிறது!

விடுதி என்றால் மாடிக் கட்டடம் அல்ல. மரத்தை வெட்டி அடுக்கிக் கட்டிய ஆறு குடில்கள். டெலிபோன் கிடையாது. விளக்கு எரிவதற்கு ஒரு ஜெனரேட்டர். இரவு பத்து மணிக்கு அதையும் நிறுத்திவிடுவார்கள். ஜூன் மாதம் அங்கே கோடை காலம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. கொசு நம் ஊர்க் கொசுவைவிடப் பெரிது, கடியும் பெரிது.

அட்டைதான் இரை!

மறுநாள் விடியற்காலையில் படகில் புறப்பட்டோம். எங்களுக்கு வழிகாட்டியாக ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பிருந்தே அவருடைய முன்னோர் அந்த ஏரிகளில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அதிகம் பேசமாட்டார். சிரித்தால் கண் மட்டும் சிரிக்கும்.

அங்கே யாரும் நினைத்தபடி தூண்டில் போட முடியாது. முதலில் லைசென்ஸ் வாங்கவேண்டும். நாங்கள் போன பகுதியில் 'வால்ஐ' என்ற மீனை ஒருவர் நான்கு வரைக்கும்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த நான்கிலும் ஒன்றுதான் 46 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கலாம். பெரிய மீன்தானே நிறைய முட்டை இடும்? அதைக் காப்பாற்றினால்தான் அடுத்த வருஷமும் மீன் இருக்கும். படகில் அளவுகோல் ஒன்றை ஒட்டியே வைத்திருந்தார்கள்.

இரை என்ன தெரியுமா? அட்டை! நம் மலைக்காடுகளில் காலைக் கடிக்குமே, அந்த ஜாதிதான். டப்பா நிறைய உயிரோடு நெளிந்தன. நான் தொடத் தயங்கினேன். என் நண்பரோ சிறு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனவர். லாவகமாக எடுத்து முள்ளில் கோத்துவிட்டார்.

"பேப்பர்காரன் பேனாவைத் தவிர ஒண்டையும் தொடமாட்டான்" என்று கேலி வேறு!

தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் ஒரு பறவை கூவியது. 'லூன்' என்று பெயர். அது கூவினால் யாரோ தனியாக அழுவதுபோல் இருக்கும். கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987-ம் ஆண்டிலிருந்து இந்தப் பறவையின் படம்தான் இருக்கிறது.

மதியத்துக்குள் ஐந்து மீன் பிடித்தோம். எல்லாம் ஒரு முழத்துக்குக் குறைந்தவை. பெரியவர் ஒரு தீவில் படகை ஒதுக்கினார். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார். மீனைத் துண்டு போட்டு, மாவில் புரட்டி, இரும்புச் சட்டியில் பொரித்துக் கொடுத்தார். நண்பர் பையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தார். அதற்குமேல் என்ன வேண்டும்!

பெரிய மீன் வந்தது

மாலையில்தான் அந்தப் பெரிய மீன் சிக்கியது. தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. கால் மணி நேரம் போராடினேன். வலையில் அள்ளிப் படகில் போட்டதும் மூச்சு வாங்கியது. 68 சென்டிமீட்டர்! பொன் நிறம். கோலிக்குண்டு போன்ற கண்கள்.

சட்டப்படி இதை நான் வைத்துக்கொள்ளலாம். ஐஸ் பெட்டியில் போட்டு டொராண்டோவுக்குக் கொண்டு போகலாம் என்று திட்டம் போட்டேன். நண்பரின் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மீன் குழம்பு என்றால் அவருக்கு உயிர். வாயும் வயிறுமாக இருப்பவருக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா?

நான் ஆசையோடு அதைச் சொன்னேன். நண்பர் தமிழில் நான் சொன்னதைப் பெரியவருக்கு இங்கிலீஷில் சொன்னார். பெரியவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. ஒன்றும் பேசாமல் ஒரு பெட்டியைத் திறந்து, ஈரம் படாமல் உறையில் போட்டிருந்த சில தாள்களை எடுத்தார்.

அது ஒண்டாரியோ சர்க்கார் வெளியிடும் கையேட்டின் பக்கம். எந்த ஏரியில், எந்த மீனை, எந்த அளவில், மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று அதில் கண்டிருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் மீன்களைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். பொதுவான ஜனங்களுக்கு ஒரு கணக்கு. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வேறு கணக்கு.

பெரியவர் விரலை வைத்துக் காட்டினார். மதியம் நாங்கள் சாப்பிட்ட சின்ன மீனுக்கு நேராகப் பெண்களுக்கு 'நான்கு' என்று இருந்தது. என் பெரிய மீனுக்கு நேராகப் பெண்களுக்குப் பூஜ்யம்! அதாவது, ஒரு முறைகூடச் சாப்பிடக்கூடாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா இது! பளிங்கு மாதிரித் தண்ணி. அடியில் கிடக்கிற கல்லு தெரியுது. இதிலே என்ன விஷம்?" என்று நண்பரிடம் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மீனை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீருக்குள் பிடித்தார். அது செவுளை அசைத்தது. "விடுவம் மச்சான். உது எங்கட சட்டிக்கு வேண்டாம்" என்றார். கையைத் தளர்த்தினார். வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மீன் போய்விட்டது.

பெரியவர் சொன்ன கதை

அன்றிரவு குடிலின் வாசலில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பெரியவர் வாய் திறந்தார். அவருடைய அப்பாவும் மீன்பிடி விடுதியில் வழிகாட்டியாக இருந்தவராம். 1970-ம் ஆண்டு அந்த விடுதியை மூடிவிட்டார்கள். மீன் இல்லாமல் அல்ல. மீன் நிறைய இருந்தது. அதைச் சாப்பிட முடியவில்லை!

அவர் சொன்னது கனடாவில் எல்லோரும் அறிந்த சரித்திரம். டிரைடன் ஊரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே காகித ஆலையோடு சேர்ந்த ரசாயனப் பிரிவு ஒன்று, 1962-ம் ஆண்டு முதல் 1970-ம் ஆண்டு வரை சுமார் 9,000 கிலோ பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. ஆறு அதைச் சுமந்துகொண்டு வெகு தூரம் கீழே, கிராஸி நாரோஸ் என்ற பூர்வகுடி மக்களின் ஊருக்குக் கொண்டு போனது.

தண்ணீரில் கலந்த பாதரசத்தின் நிறம் தெரியாது. வாசனை தெரியாது. தண்ணீர் பழையபடி தெளிவாகத்தான் இருந்தது. மீனும் பழையபடி ருசியாகத்தான் இருந்தது. ஜனங்கள் தினமும் சாப்பிட்டார்கள்.

1970-ல் சோதித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மீன் விற்பனைக்குத் தடை வந்தது. வழிகாட்டி வேலையும் போயிற்று. ஒரே வருஷத்தில் ஓர் ஊரின் பிழைப்பே அழிந்தது. கை கால் மரத்துப்போதல், நடுக்கம், பார்வை சுருங்குதல் என்று வியாதிகள் தெரிந்தன. 1975-ம் ஆண்டு ஜப்பானிலிருந்து ஹரதா என்ற டாக்டர் அங்கே போய்ப் பரிசோதித்தார். தம் நாட்டில் மினமாட்டா ஊரில் பார்த்த அதே வியாதியின் அறிகுறிகளை இங்கேயும் கண்டார்.

மினமாட்டாவில் 1956-ம் ஆண்டு அந்த வியாதி வெளிப்பட்டது. ரசாயன ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீன் மூலம் மனிதர் உடம்பில் ஏறியது. அங்கே தாய்க்கு அதிகத் துன்பம் தெரியாது. பிறந்த குழந்தையோ கை கால் முடங்கிப் பிறந்தது. தாய் சாப்பிட்ட விஷம் கருவிலிருந்த சிசுவின் மூளையைத் தாக்கியது.

கிராஸி நாரோஸ் ஆற்றைச் சுத்தம் செய்ய, 2017-ம் ஆண்டில்தான் ஒண்டாரியோ சர்க்கார் எட்டரைக் கோடி டாலர் தருவதாக உறுதி கூறியது. விஷத்தை ஊற்ற எட்டு வருஷம் போதும். எடுப்பதற்கு அரை நூற்றாண்டும் போதவில்லை!

"ஆனால் நாம் மீன் பிடித்த ஏரியில் ஆலை எதுவும் இல்லையே?" என்று நான் கேட்டேன்.

"காற்றுக்கு வேலி உண்டா?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார்.

பெரிய மீனில் ஏன் அதிகம்?

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நிலக்கரியில் இயற்கையாகவே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. நிலக்கரியை எரித்தால் அது புகையோடு மேலே போகிறது. காற்றில் வெகு தூரம் பயணம் செய்து, மழையோடு ஏரியில் விழுகிறது. ஏரியின் அடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய விஷமாக மாற்றுகின்றன.

அந்த விஷம் பாசியில் சேர்கிறது. பாசியைத் தின்னும் புழு பூச்சிக்குப் போகிறது. அதைத் தின்னும் சின்ன மீனுக்குப் போகிறது. நூறு சின்ன மீனைத் தின்ற பெரிய மீனுக்கு, நூறு மீனின் விஷமும் வந்து சேர்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது மாதிரிதான்! ஆகவே, ஒரே ஏரியில் சின்ன மீன் நல்லதாக இருக்கலாம். வயதான பெரிய மீன் ஆகாததாக இருக்கலாம்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த விஷம் மீனின் சதைக்குள்ளேயே இருக்கிறது. தோலை உரித்தாலும் போகாது. மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் போகாது. மூக்கால் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சோதனைச் சாலைதான் சொல்லவேண்டும்.

நம் ஏரிகளின் கதை

"அது கனடாக் கதை. நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம்.

நமக்கும் ஒரு கதை உண்டு. நம் கொடைக்கானலில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று 1983-ம் ஆண்டு வந்தது. தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். தொழிற்சாலையிலிருந்து பாதரசம் வெளியேறியது தெரியவந்து, மக்கள் போராடி, 2001-ம் ஆண்டு அது மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு 2016-ம் ஆண்டில்தான் ஒரு தீர்வு ஏற்பட்டது. கொடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும், சேற்றிலும், மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-ம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று எடுத்துக் காட்டியது.

கொடைக்கானல் ஏரியை நான் பலமுறை சுற்றி வந்திருக்கிறேன். படகுக்கு எவ்வளவு கட்டணம் என்று பலகை இருக்கிறது. குப்பை போடாதே என்று பலகை இருக்கிறது. இந்த மீனைச் சாப்பிடலாமா, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லும் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே கூடி மீன் பிடிக்கிறது. கெண்டையும் விராலும் வீட்டுக்கு வீடு மணக்கின்றன. சில ஏரிகள் தோல் பதனிடும் ஊர்களுக்கு அருகே இருக்கின்றன. சில சாயப்பட்டறைகளுக்கு அருகே இருக்கின்றன. சில அனல் மின் நிலையங்களுக்கு அருகே இருக்கின்றன. இந்த ஏரி மீனில் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. தெரியாமல் சாப்பிடுகிறோம் என்றுதான் சொல்லுகிறேன்.

வெளிநாட்டுக்குக் கப்பலேறும் மீனைச் சோதனைச் சாலையில் சோதித்துத்தான் அனுப்புகிறோம். நம் வீட்டுச் சட்டிக்கு வரும் மீனுக்கு மட்டும் அந்த அக்கறை வேண்டாமா?

மீன்காரர் பிழைப்பு என்ன ஆகும்?

"பலகை வைத்தால் பயந்துபோய் யாரும் மீன் வாங்கமாட்டார்கள். ஏழை மீனவர் வயிற்றில் அடிப்பதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

ஆனால் கிராஸி நாரோஸில் என்ன நடந்தது? யாரும் சோதிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து உண்மை தெரிந்தபோது மீனும் போயிற்று, வேலையும் போயிற்று, உடம்பும் போயிற்று. முதலாவதாகவும் அதிகமாகவும் பாதிக்கப்பட்டவர்கள் மீனைப் பிடித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். முன்கூட்டியே சோதித்திருந்தால் ஆலையை அப்போதே தடுத்திருக்கலாம்.

கையேடு வைத்திருக்கும் ஒண்டாரியோவில் ஜனங்கள் மீன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நாங்களே சாப்பிட்டோமே! எதைச் சாப்பிடலாம் என்று தெரிந்ததால் பயமில்லாமல் சாப்பிட்டோம். அரைகுறை வதந்திதான் மீன்காரரைக் கெடுக்கும். சரியான தகவல் கெடுக்காது.

மீன் நல்ல ஆகாரம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் நல்லது. இதைப் படித்துவிட்டு யாரும் மீனை ஒதுக்கிவிடக்கூடாது. சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். மற்ற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம். அமெரிக்காவிலோ கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி சர்க்கார் சொல்லுகிறது. பாட்டி சொன்னதைத் தள்ளவேண்டாம். டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.

என்ன செய்யவேண்டும்?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக்கும் அனல் மின் நிலையத்துக்கும் அருகே உள்ள ஏரிகளில் முதலில் ஆரம்பிக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை சில மீன்களைப் பிடித்துச் சோதிக்கவேண்டும். முடிவை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைக்காமல், ஏரிக்கரையில் பலகையில் எழுதி வைக்கவேண்டும். நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுதவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி மீனின் படத்தையும் அளவையும் போடவேண்டும். கிராம நர்ஸ் கர்ப்பிணிகளைப் பார்க்க வரும்போது அதை வாயாலும் சொல்லவேண்டும். கெடுத்தது யார் என்று தெரிந்தால், சுத்தம் செய்யும் செலவை அவர் தலையில் வைக்கவேண்டும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-ம் ஆண்டு ஓர் ஒப்பந்தம் செய்தன. அதற்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். 2018-ம் ஆண்டு இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. டில்லியில் ஏற்றுக்கொண்டது நம் ஊர்க் கண்மாய்க்கரைக்கு வந்து சேரவேண்டும்.

அக்டோபர் மாதம் நண்பரிடமிருந்து டெலிபோன் வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். "உன்ரை மீன் இன்னும் ஏரியிலைதான் நிக்குது. மகள் வளர்ந்த பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம்" என்றார்.

அந்தக் காட்டு ஏரியில் எங்களைத் தடுக்க ஒரு பெரியவரும் ஒரு தாளும் இருந்தார்கள். நம் ஏரிக்கரையில் குழம்பு கேட்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பலகையாவது இருக்கட்டும்.